பெரியதற்குக் குங்குமம், சிறியதற்குச் சந்தனம்

செப்டம்பர் 16, திங்கள்

அப்பாவின் ரிவால்வர் இன்று தாண்டிக்குடித் தோட்டத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அப்பா போனதிலிருந்து மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து வைத்திருந்தோம். உரிமம் என் பெயருக்கு மாறுவதற்குள் நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது. ஆட்சேபணை இல்லை என்று அண்ணன் மாணிக்கவாசகம் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியிருந்தது. போட்டான். போட்டுவிட்டு, "பொம்பளைக்கு எதுக்குத் தாயி துப்பாக்கி? அருவாமனை போதாதா?" என்று சிரித்தான். மதினியும் சிரித்தார். அண்ணன் திண்டுக்கல்லில் பேர் பெற்ற பல் டாக்டர். அவன் சொன்னால் நகைச்சுவைதான்.

துப்பாக்கி எனக்குத்தான் என்று அப்பா வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்திச்சியாக இருந்தபோது என்.சி.சி.யையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். குறி பார்த்துச் சுட்டு மெடல் வாங்கியவள். அண்ணன் ஊசி போடுவதைத் தவிர எதற்கும் குறி பார்த்ததில்லை.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டினார். "இதுக்குத் தோட்டா போடுற சிலிண்டர் ரெண்டு இருக்கும்மா. ஒண்ணு சின்னத் தோட்டாவுக்கு, ஒண்ணு மேக்னம்னு பெரிய தோட்டாவுக்கு. வெளிய பாத்தா ரெட்டைப் பிள்ளைக. பெரிய தோட்டா சின்னதுல நுழையவே நுழையாது, அதனால தொல்லையில்ல. சின்னத் தோட்டா பெருசுல சும்மா போயி உக்காந்துக்கும். அதுதான் வம்பு. அப்பன் செருப்பைப் பிள்ளை போட்ட மாதிரி. மாட்டிக்கலாம், நடந்தா தடுக்கும்."

"அப்படிப் போட்டுச் சுட்டா என்ன ஆகும்?"

"பாதி நேரம் புஸ்ஸுனு போயிரும்" என்றார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். தெருவில் ஏதோ ஊர்வலம், ஒரே மேளச் சத்தம். சரியாகக் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்து, "ரெண்டு சிலிண்டர் இருக்கு, மாத்தி மாட்டிரக் கூடாதாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து வீட்டு வேலைக்கு இருக்கும் பேச்சியம்மா எட்டிப் பார்த்து, "ரெண்டு எங்கம்மா இருக்கு? ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு பதிஞ்சு இன்னும் வரலையே" என்றாள். அண்ணனுக்கும் கேட்டுவிட்டது. இனி அவன் செத்தாலும் இதை விடமாட்டான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலையில் மழை விட்டிருந்தது. கீழ்த்தோட்டத்தில் வாழையைப் பன்றி பிரட்டிப் போட்டிருக்கிறது. மிளகுக்கொடிக்கு மருந்து அடிக்க ஆள் வரவில்லை.

களத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் ஒரு டப்பாவை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். பூட்டியிருந்தது சின்ன சிலிண்டர்தான். கடைக்காரரே மாட்டித் தந்தது. ஐந்து தோட்டா மட்டும் போட்டு, சுத்தியலுக்கு நேரே ஒரு துளையைக் காலியாக விட்டேன். அப்படித்தான் விட வேண்டும். தோட்டாக்கள் சிக்கென்று உட்கார்ந்தன. டப்பாவில் நான்கு ஓட்டை. ஐந்தாவது கண்ணாடி இல்லாததால் தவறியது. எனக்கு வெள்ளெழுத்து வந்து வெகு நாளாயிற்று, ஊரில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

பெரிய சிலிண்டர் சுருக்குப்பைக்குள் சும்மா கிடக்கிறது. அதற்குத் தோட்டாவும் இப்போது கையிருப்பு இல்லை. அதன் மேலே சிவப்பாக ஏதோ அழுக்கு அப்பியிருக்கிறது. சின்னதன் மேல் மஞ்சளாக ஒரு பொருக்கு. அப்பாவுக்குச் சுடத் தெரியும், துடைக்கத் தெரியாது.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. அண்ணனும் மதினியும் காலையிலேயே காரில் வருகிறார்கள். பேச்சியம்மா கவாத்துக் கத்தி, மண்வெட்டி, மருந்தடிக்கும் கருவி எல்லாவற்றையும் கழுவித் திண்டில் அடுக்கிவிட்டாள். பூசணிக்காய் வந்துவிட்டது. பொரி நமுத்துப் போயிருக்கிறது. கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான்.

ரிவால்வரைப் பிரித்து, இரண்டு சிலிண்டரையும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். சிவப்பும் போயிற்று, மஞ்சளும் போயிற்று. இரண்டும் கண்ணாடிபோல் ஆகிவிட்டன. பூஜைத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் சந்தனம் இட்டு, மேலே குங்குமமும் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. அண்ணன் வந்து பார்க்கட்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை. அண்ணனுக்குக் கண்ணில் அடி. மதுரைக்குக் கிளம்புகிறோம்.

அக்டோபர் 13, ஞாயிறு

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதினி உள்ளே இருக்கிறார்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது நல்லது. பூஜை முடிந்ததும் மண்மேட்டில் ஒரே ஒரு வெடி போடுவது அப்பாவின் வழக்கம். இந்த வருஷமும் போட வேண்டும் என்று பேச்சு வந்தது. தட்டிலிருந்து சிலிண்டர் எடுக்கப்பட்டு மாட்டப்பட்டது. அலமாரியிலிருந்து அப்பாவின் பழைய தோட்டாப் பெட்டி கொண்டுவரப்பட்டது. தோட்டாக்கள் போடப்பட்டன. எண்ணெய் தாராளமாக விடப்பட்டிருந்ததால் அவை வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. துப்பாக்கி அண்ணனிடம் கொடுக்கப்பட்டது.

அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சுட்டான். சத்தம் வேறு மாதிரி இருந்தது. தோட்டாவின் பித்தளை பிளந்து ஒரு சில்லு பின்பக்கமாக வந்து வலது கண்ணில் பட்டது. கட்டைவிரல் அடியிலும் காயம். அவன் கத்தவில்லை. "மங்கை, தண்ணி கொண்டா" என்று மட்டும் சொன்னான்.

சில்லை எடுத்துவிட்டார்கள். பார்வை பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாதாம்.

அக்டோபர் 16, புதன்

அண்ணன் பேசுகிறான். அவன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது: பட்டாசு வெடித்துக் கண்ணில் பட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறான். மதினியையும் அப்படியே சொல்ல வைத்திருக்கிறான்.

"எதுக்குண்ணே இப்படி?"

"துப்பாக்கின்னு சொன்னா போலீஸ் வரும். லைசென்ஸ் உன் பேர்ல இருக்கு. சுட்டவன் நான். உன்னையத்தான் இழுப்பாங்க. தீபாவளி வருதுல்ல, பட்டாசுன்னா எவனும் கேக்க மாட்டான்."

அவன் கண்ணில் போட்ட கட்டைத் தடவிக்கொண்டே, "எல்லாம் நான் செஞ்ச வேலை. அப்பா தோட்டாவத்தான் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னு அந்தப் பழைய பெட்டிய எடுத்துட்டு வந்தேன். எத்தனை வருசத்துத் தோட்டாவோ. கெட்டுப் போயிருந்திருக்கும். இல்லையா?" என்றான்.

"இருக்கலாம்" என்றேன்.

மதினி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "இருக்கலாம் என்ன, அதேதான். வயசுக்கேத்த புத்தி வேணும் மனுசனுக்கு" என்று அவனைத் திட்டினார். அவன் வாயைத் திறந்து சுளையை வாங்கிக்கொண்டான்.

அக்டோபர் 20, ஞாயிறு

தோட்டத்துக்கு வந்தேன். பூஜைத் தட்டு அப்படியே இருக்கிறது. பேச்சியம்மா தொடப் பயந்து துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். வாழை இலை காய்ந்து சுருண்டுவிட்டது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். துப்பாக்கியில் மாட்டியிருந்த சிலிண்டரின் விளிம்பில் பொடி எழுத்தில் மேக்னம் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. நன்றாகத் தெரிகிறது. நான் தேய்த்த தேய்ப்பில் பளிச்சென்று தெரிகிறது. அதற்குள் பிளந்து கிடந்தது சின்னத் தோட்டாவின் கூடு.

இரண்டு சுருக்குப்பைகளையும் உள்புறம் திருப்பினேன். ஒன்றின் உள்ளே சிவப்புக் கறை, மற்றதில் மஞ்சள். வருஷா வருஷம் அப்பா பெரியதற்குக் குங்குமமும் சின்னதற்குச் சந்தனமும் மட்டும் வைத்து வந்திருக்கிறார். அதுதான் அவருடைய அடையாளம். அழுக்கு என்று நினைத்து அதைத் தேய்த்துக் கழுவி, இரண்டுக்கும் இரண்டையும் வைத்து அலங்காரம் பண்ணியிருக்கிறேன்.

முன்னால் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மாட்டப்பட்டது, போடப்பட்டன, கொடுக்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்பில் செயப்பாட்டு வினை நடத்தும்போது, "திருடன் ஒளிய இதைவிட நல்ல இடம் இலக்கணத்தில் கிடையாது பிள்ளைகளா, 'மாங்காய் பறிக்கப்பட்டது' என்றால் பறித்தவன் தப்பித்தான்" என்பேன். வகுப்பே சிரிக்கும்.

மாட்டியது நான். தோட்டாவைப் போட்டதும் நான். கண்ணாடி பூஜை அறையிலேயே இருந்தது. அண்ணன் எதிரில் அதை எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

காப்பிப் பழம் அங்கங்கே சிவக்கத் தொடங்கிவிட்டது. கூலி ஆள் பேச வேண்டும்.

திண்டுக்கல் போய் வந்தேன். அண்ணனுக்கு வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரியவில்லை. இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்களாம். கிளினிக்கைத் தன்னோடு வேலை பார்த்த டாக்டரிடம் விட்டுவிட்டான். என் எதிரிலேயே டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் காட்டினான். பாதி மேஜையில் கொட்டியது. "ஒத்தக் கண்ணுல ஆழம் தெரியாது மங்கை. தண்ணிக்கே இந்தக் கதி. அடுத்தவன் வாய்க்குள்ள நான் எப்படி டிரில்ல விடுறது?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் துணியை எடுத்து மேஜையைத் துடைத்தேன். அதற்குத்தான் போனவள்போல அழுந்தத் துடைத்தேன்.

சொல்ல வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். காரக்குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

அண்ணன் வீட்டில். வெளியே வெடிச் சத்தம் ஓயவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் அவன் தோள் தூக்கிப் போடுகிறது. தெரியாமலிருக்க டி.வி.யைச் சத்தமாக வைத்திருக்கிறான்.

பக்கத்து வீட்டுக்காரர் பலகாரம் கொண்டுவந்தார். "டாக்டர் கண்ணைப் பாத்ததுக்கப்புறம் எங்க வீட்டுல இந்த வருசம் மத்தாப்பு மட்டும்தான் சார். பிள்ளைக ஒரே அழுகை" என்றார். அண்ணன் தலையாட்டி, பட்டாசை எப்படி ஜாக்கிரதையாகக் கொளுத்த வேண்டும் என்று அவருக்கு யோசனை வேறு சொன்னான். அவர் போனதும் மதினி அடுப்படியிலிருந்து ஆரம்பித்தார். "அப்பா தோட்டா, அப்பா தோட்டான்னு நின்னீங்களே, இப்ப அப்பாவா வந்து கிளினிக்கைப் பாப்பாரு?" தினமும் இதே பாட்டு போலிருக்கிறது. அண்ணன் குற்றவாளிபோல உட்கார்ந்திருந்தான். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

டி.வி.யை அணைத்தேன்.

"அண்ணே, தோட்டா மேல தப்பில்ல. நான்தான் சிலிண்டரை மாத்தி மாட்டுனேன். பெருசுல சின்னத் தோட்டாவைப் போட்டேன்."

மதினி கரண்டியோடு வந்து நின்றார். அண்ணன் என்னை நேராகப் பார்க்கத் தலையைக் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது.

"போடுறப்ப உனக்குத் தெரியலையா? லூசா இருந்திருக்குமே."

"ஆடுச்சு."

"அப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

வெளியே ஒரு சரவெடி வெடித்து ஓய்ந்தது.

"அப்ப, அதை எதுக்கு என் கையில குடுத்த?"

"தெரியலண்ணே."

"ஆஸ்பத்திரியில, தோட்டா கெட்டுப் போயிருக்கும், இல்லையான்னு கேட்டேன். இருக்கலாம்னு சொன்ன."

"ஆமாண்ணே."

"கண்ணு போனது போகட்டும். அந்த 'இருக்கலாம்' இருக்கு பாரு…" என்று எழுந்து உள்ளே போய்விட்டான். மதினி, "சாப்பிட்டுட்டுப் போ. நல்ல நாளும் அதுவுமா" என்று இலையைப் போட்டார். சாப்பிட்டேன். அவன் வெளியே வரவில்லை. மதினி பரிமாறினாரே தவிர, இன்னும் கொஞ்சம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நவம்பர் 2, சனி

தெரியலண்ணே என்று சொன்னது பொய்.

மண்மேட்டுக்கு நடந்து போகும்போது, கையில் துப்பாக்கி என்னிடம்தான் இருந்தது. நான்தான் சுடுவதாக இருந்தது. தோட்டாக்கள் கலகலவென்று ஆடின. எண்ணெய் என்று எழுதினேன். எண்ணெய் விட்டால் தோட்டா ஆடாது, இது என்.சி.சி.யில் முதல் மாதம் சேர்ந்த பிள்ளைக்குத் தெரியும். ஏதோ தப்பு என்று கை சொல்லிவிட்டது. நின்று, பிரித்து, கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

அப்போது அண்ணன் பேச்சியம்மாவைப் பார்த்து, "உங்கம்மாவுக்கு எந்த சிலிண்டர்னு தெரியுதா, இல்ல காஸ் கம்பெனிக்காரனைக் கூப்பிடணுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "குடு இங்க. இதெல்லாம் ஆம்பளை செய்ற வேலை" என்று கையை நீட்டினான்.

கொடுத்தேன்.

புஸ்ஸென்று போகும் என்று நினைத்தேன். குண்டு நாலடி தள்ளி விழும், மதினிக்கும் பேச்சியம்மாவுக்கும் முன்னால் அவன் முகம் தொங்கிப் போகும், நான் ஒன்றும் தெரியாதவள்போல வாங்கிச் சரிசெய்து, டப்பாவை ஒரே அடியில் விழத்தட்டுவேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அந்த இரண்டடி தூரத்தில் அத்தனையும் நினைத்தேன்.

கடைக்காரர் சொன்னதன் மறுபாதியும் என் காதில் விழுந்தது. மேளச் சத்தம் ஒன்றும் அவ்வளவு பெரிதாக இல்லை. "பாதி நேரம் புஸ்ஸுனு போயிரும்மா. மீதி நேரம் பிளந்து பின்னாடி அடிக்கும், மூஞ்சிக்கு" என்றார்.

எதுவும் ஆகாது, அது நம்மை ஒன்றும் செய்யாது என்று அதை மட்டும் வடிகட்டி விட்டுவிட்டேன். இல்லை, இப்படியும் எழுதக் கூடாது. அது என்னை ஒன்றும் செய்யாது. துப்பாக்கி என் கையில் இல்லையே.

நவம்பர் 4, திங்கள்

திண்டுக்கல் போனேன். மதினி கதவைத் திறந்து, வா என்று சொல்லாமல் வழிவிட்டார். அண்ணன் மேஜையில் இரண்டு டம்ளரை வைத்து ஒன்றிலிருந்து மற்றதற்குத் தண்ணீர் ஊற்றிப் பழகிக்கொண்டிருந்தான்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வைத்த பொட்டு அடையாளத்தைத் தேய்த்துக் கழுவியதையும், புஸ்ஸென்று போகும் என்று நினைத்ததையும், அவன் அசிங்கப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டதையும், கடைக்காரர் சொன்ன மறுபாதியையும். சொல்லி முடித்ததும் அழுதேன். அவன் அழவிட்டான்.

"துப்பாக்கியைக் கடையிலேயே குடுத்திரப் போறேண்ணே. இனி அது வீட்டுல வேண்டாம். உரிமத்தையும் ஒப்படைச்சிர்றேன்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"குடுக்காத."

"எனக்கு அதைப் பாக்கவே முடியல."

"அதுக்குத்தான் சொல்றேன், குடுக்காத. குடுத்துட்டா நீ மறந்துருவ. அது அங்கதான் இருக்கணும். வருசா வருசம் பூஜைக்கு எடுத்து நீதான் துடைக்கணும். ரெண்டு சிலிண்டரையும் துடைச்சு, எது எதுன்னு பாத்து, அதது தலையில பொட்டு வச்சுத் தட்டுல வைக்கணும்."

"சரிண்ணே."

"நான் வந்து பாப்பேன்" என்றான். "பாக்குறதுக்கு ஒரு கண்ணு போதும்."

மறுபடி தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தான். நான் கிளம்பும்போது மேஜை நனைந்துதான் இருந்தது. துடைக்கலாமா என்று நினைத்தேன், துடைக்கவில்லை.

கடைசி பஸ்ஸைப் பிடித்துத் தாண்டிக்குடி வந்து சேர்ந்தேன். பேச்சியம்மா ரசம் வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். அடுத்த பூஜைக்கு ஒரு வருஷம் கிடக்கிறது. இருந்தாலும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தைப் பார்த்து, பெரியதற்குக் குங்குமம் வைத்தேன், சிறியதற்குச் சந்தனம் வைத்தேன். வருவதாகச் சொல்லியிருக்கிறான்.